இரண்டு கடல் கடந்தவர்கள்: நியூயார்க்கில் வாழும் இந்தோ-கரீபியர்

மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணிக்காக ஆடிய சிலரின் பெயர்களை வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். 2012ஆம் ஆண்டில் டெஸ்ட் ஆட்டத்தில் அறிமுகமான சுழற்பந்து வீச்சாளர் வீராசாமி பெர்மால். அவருக்கு முன் ஆடிய மற்றொரு சுழற்பந்து வீச்சாளர் மகேந்திர நாகமூட்டூ. அதற்கும் முந்தைய தலைமுறையின் புகழ்பெற்ற மட்டையாளர் ரோஹன் கன்ஹாய். எழுதி முடிப்பதற்குள் ஏதோ ஒரு வரிசையிலிருந்து கேள்வி வந்துவிடும்: "சார், இது நம்ம ஊர்ப் பேர் மாதிரி இருக்கே?"

மாணவர் கேட்பது சரிதான். பெர்மால் என்பது பெருமாள். நாகமூட்டூ என்பது நாகமுத்து. கன்ஹாய் என்பது கண்ணனைக் குறிக்கும் வட இந்தியப் பெயர். மூவரும் தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானா நாட்டைச் சேர்ந்தவர்கள். நிலப்படத்தில் கயானா தீவு அல்ல. ஆனால் வரலாற்றாலும் வாழ்க்கை முறையாலும் கரீபியத் தீவுகளோடு சேர்ந்தது.

கயானா, டிரினிடாட், சுரினாம், ஜமைக்கா முதலிய இடங்களில் வேரூன்றிய இந்திய வம்சாவளியினரை 'இந்தோ-கரீபியர்' என்கிறோம். அவர்களில் பலர் கடந்த அறுபது ஆண்டுகளில் மீண்டும் ஒருமுறை இடம்பெயர்ந்து அமெரிக்கா சென்றுள்ளனர். ஒரு சமூகம் இருமுறை இடம்பெயரும்போது எதை இழக்கிறது, எதைக் காப்பாற்றுகிறது, "நீ எந்த ஊர்?" என்ற கேள்விக்கு அதன் குழந்தைகள் என்ன விடை சொல்கிறார்கள் என்பவற்றை அறிய அவர்களது கதை உதவும்.

முதல் கடல்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் பழைய நிபந்தனைகளில் கரும்புத் தோட்டங்களில் உழைக்க மறுத்தனர். தோட்ட முதலாளிகள் மலிவான உழைப்பைத் தேடி இந்தியாவை நோக்கித் திரும்பினர். அவர்களில் முன்நின்றவர் ஜான் கிளாட்ஸ்டன். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை இவர்.

1838ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து கயானாவை அடைந்தன. 1845 மே 30இல் 'ஃபாடெல் ரசாக்' கப்பல் டிரினிடாட்டை அடைந்தது. டச்சுக் குடியேற்றமான சுரினாமுக்கு 1873இல் 'லல்லா ரூக்' சென்றது. 1917இல் இந்த ஆள் ஏற்றுமதி நிறுத்தப்படும் வரை கயானாவுக்கு மட்டும் ஏறத்தாழ 2,39,000 பேரும், டிரினிடாட்டுக்கு ஏறத்தாழ 1,44,000 பேரும் கொண்டு செல்லப்பட்டனர்.

இதுவே நாம் வரலாற்றுப் பாடத்தில் நடத்தும் ஒப்பந்தத் தொழிலாளர் முறை. பொதுவாக ஐந்தாண்டு ஒப்பந்தம். வேலைக்கு வராவிட்டால் அபராதம் அல்லது சிறை. அடிமைகள் வாழ்ந்த அதே வரிசை வீடுகளே தங்குமிடம். கயானா சென்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தாயகம் திரும்பினர். மற்றவர்கள் அங்கேயே மண்ணாயினர்.

பெரும்பாலோர் இன்றைய பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசப் பகுதிகளின் போஜ்புரி பேசும் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. அவ்வழியே கயானா சென்றவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். தமிழும் தெலுங்கும் பேசிய இவர்களை அங்கே 'மதராசி' என்று அழைத்தனர். வீராசாமியும் நாகமுத்துவும் அந்த வழியில் சென்ற பெயர்கள்.

கப்பலில் பிறந்த உறவு

மாதக்கணக்கான பயணத்தில் சாதி வாரியாகச் சமைக்கவோ, தனித்து உண்ணவோ வழியில்லை. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று ஊரில் அஞ்சினார்கள். கப்பலிலோ ஒரு புதிய உறவு பிறந்தது. ஒரே கப்பலில் வந்தவர்கள் தம்மை 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரர் என்று அழைத்துக்கொண்டனர். ரத்த உறவுக்கு நிகராக அது மதிக்கப்பட்டது. இன்றும் இந்தோ-கரீபிய அமைப்புகளின் பெயர்களில் 'ஜஹாஜி' என்ற சொல்லைக் காணலாம்.

அங்கே அவர்கள்மீது ஒட்டப்பட்ட மற்றொரு பெயர் 'கூலி'. உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கும் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஊதியத்தைக் குறித்த சொல் மனிதரைக் குறிக்கும் வசைச் சொல்லாயிற்று. கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர் கையூத்ரா பகதூர், 2013இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலின் தலைப்பில் இச்சொல்லைத் தெரிந்தே வைத்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா, 1903இல் கருவுற்ற நிலையில் தனியாகக் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர். அந்தப் பெண்ணைத் தேடிச் சென்ற பயணமே அந்நூல்.

மொழி மெல்ல மறைந்தது. சுரினாமில் போஜ்புரியின் வழிவந்த 'சர்னாமி' இன்றும் பேசப்படுகிறது. கயானாவிலும் டிரினிடாட்டிலும் சில தலைமுறைகளில் அன்றாடப் பேச்சு ஆங்கிலம் கலந்த கிரியோல் மொழிக்கு மாறியது. ஆனால் அடுப்பங்கரையில் தவா, கராஹி, பேல்னா என்ற சொற்கள் தங்கிவிட்டன. தாத்தா பாட்டியை ஆஜா, ஆஜி என்றும் நானா, நானி என்றும் அழைக்கும் வழக்கமும் தங்கிவிட்டது. மொழி போன பிறகும் உணவும் உறவுப் பெயரும் வழிபாடும் நீண்ட காலம் நிற்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

கல்வியின் கதையும் நாம் அறியவேண்டியது. டிரினிடாட்டில் 1868 முதல் கனடாவின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையினர் இந்தியக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் நடத்தினர். கயானாவில் நடந்ததோ வேறு. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாத இந்தியப் பெற்றோர்மீது நடவடிக்கை வேண்டாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். பண்பாட்டை மதிப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்தத் தாள் 1933இல்தான் விலக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுைறப் பெண்கள் எழுத்தறியாமலே வளர்ந்துவிட்டனர்.

இரண்டாம் கடல்

1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. ஐரோப்பியருக்கு முன்னுரிமை தந்த பழைய ஒதுக்கீடு நீங்கியது. மறு ஆண்டு, 1966 மே 26இல் கயானா விடுதலை பெற்றது.

விடுதலைக்குச் சற்று முன்பே, 1960களின் தொடக்கத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் இடையே மோதல்களும் உயிரிழப்பும் நிகழ்ந்திருந்தன. 1964 முதல் 1985 வரை ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம் ஆட்சி செய்தார். தேர்தல் முறைகேடுகள், பொருளாதாரச் சரிவு, பொருள் தட்டுப்பாடு என வாழ்க்கை நெருக்கடியானது. 1980களின் முற்பகுதியில் கோதுமை மாவு இறக்குமதிக்கே தடை வந்தது. ரொட்டியை அன்றாட உணவாகக் கொண்ட இந்தியக் குடும்பங்கள் அரிசி மாவில் ரொட்டி தட்டிப் பார்த்தன. அந்தக் காலத்தை நினைவுகூரும் முதியவர்கள் அரசியலுக்கு முன்னால் மாவைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இந்தியர்கள் மட்டுமன்றி எல்லா இனத்தவரும் கயானாவை விட்டு வெளியேறினர். நியூயார்க் நகரின் 2011ஆம் ஆண்டுக் கணக்கீட்டில், வெளிநாட்டில் பிறந்தோர் வரிசையில் கயானாவினர் ஐந்தாம் இடத்தில் இருந்தனர். ஏறத்தாழ 1,40,000 பேர். மொத்த மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டாத ஒரு நாட்டுக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை.

நியூயார்க்கில் வீட்டு விலை ஏறியபோது சிலர் வேறு ஊர்களுக்கும் சென்றனர். அதே மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் தொழிற்சாலை வேலைகள் குறைந்து வீடுகள் காலியாகக் கிடந்தன. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நகர மேயர் ஆல்பர்ட் ஜுர்சின்ஸ்கி, நியூயார்க்கிலிருந்து பேருந்துகளில் வந்த கயானாவினரை வரவேற்றுத் தாமே ஊரைச் சுற்றிக் காட்டினார். அவர்கள் அந்த வீடுகளை வாங்கிப் பழுதுபார்த்துக் குடியேறினர். வந்தேறிகள் ஊருக்குச் சுமை என்ற பேச்சுக்கு எதிரான எடுத்துக்காட்டாக இது இன்றும் சொல்லப்படுகிறது.

லிபர்ட்டி அவென்யூவில் ஒரு நடை

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில் என்னும் இடம் 'குட்டிக் கயானா' எனப்படுகிறது. மேம்பாலத்தில் 'ஏ' ரயில் ஓட, அதன் நிழலில் நீளும் கடைத்தெரு லிபர்ட்டி அவென்யூ. 2021இல் இத்தெருவின் ஒரு சந்திப்புக்கு 'லிட்டில் கயானா அவென்யூ' என்ற துணைப் பெயரை நகரம் சூட்டியது.

சேலைக் கடையும் பூஜைப் பொருள் கடையும் ரொட்டிக் கடையும் இங்கே அடுத்தடுத்து இருக்கும். அரைத்த பருப்பை உள்ளே வைத்துத் தட்டும் 'தால் பூரி'. கல்லிலேயே அடித்துக் கிழிக்கும் பராத்தா. கிழிந்த சட்டை போலிருப்பதால் அதற்கு 'பஸ்-அப்-ஷட்' என்று பெயர். இரண்டு மெல்லிய பராவுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு வைத்துத் தரும் டிரினிடாட்டின் 'டபுள்ஸ்'. கயானாவினரின் வழிபாட்டு விருந்துகளில் 'செவன் கறி' பரிமாறுவார்கள். ஏழு வகைக் கறிகள், சோற்றோடு, அகன்ற நீரல்லி இலையில். நம் பந்தியில் வாழையிலை இருக்கும் இடத்தில் அங்கே அந்த இலை.

வீடுகளின் முன்புறம் மூங்கில் கம்புகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கொடிகள் பறப்பதைக் காணலாம். இவை 'ஜண்டி'. வீட்டில் பூஜை நடந்ததன் அடையாளம். தெருவில் நடப்பவருக்கு இது யார் வீடு என்பதைப் பெயர்ப் பலகையின்றிச் சொல்லிவிடும்.

ஹோலியை இவர்கள் 'பக்வா' என்கின்றனர். நாம் பங்குனி என்று சொல்லும் பால்குன மாதத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரிச்மண்ட் ஹில்லில் பக்வா ஊர்வலம் நடக்கிறது. குளிர் விலகாத மார்ச் மாதத்தில் கம்பளிச் சட்டையின் மேல் வண்ணப்பொடி விழுகிறது. பின்னணியில் 'சட்னி' இசை ஒலிக்கும். போஜ்புரி நாட்டுப்புற மெட்டும் கரீபியத் தாளமும் கலந்த இந்த இசையை 1970 வாக்கில் பரவலாக்கியவர் டிரினிடாட்டின் சுந்தர் போப்போ. இதில் டோலக்கோடு 'தந்தால்' என்னும் இரும்புக் கம்பியும் ஒலிக்கும். இந்து, முஸ்லிம், கிறித்தவர் என மூன்று சமயத்தவரும் இச்சமூகத்தில் உண்டு; பாட்டும் உணவும் மூவருக்கும் பொது.

மாரியம்மன் சென்ற தூரம்

மதராசிகளின் வழித்தோன்றல்கள் கயானாவில் கட்டிக்காத்த வழிபாடு இன்று குவீன்ஸிலும் தொடர்கிறது. தலைமைத் தெய்வம் மாரியம்மன். காளி மாய் என்றும் அழைப்பர். உடன் மதுரை வீரனும் முனீஸ்வரனும் சங்கிலிக் கருப்பனும் உண்டு. 'நகுரா' என்றொரு காவல் தெய்வமும் உண்டு. நாகூர் ஆண்டவரின் நினைவே அந்தப் பெயரில் வாழ்கிறது. வேப்பிலை உண்டு, கரகம் உண்டு, அருள் வந்து ஆடுவது உண்டு. அடிக்கும் பறையின் பெயர் 'தப்பு'.

பாடல்கள் தமிழில் ஒலிக்கும். பாடுவோருக்குப் பல சொற்களின் பொருள் தெரியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வந்தவை. ஒலி தேய்ந்து மாறியவை. தமிழறிந்த ஒருவர் கேட்டால் சில வரிகள் புரியும், சில புரியாது. இதைப் பிழை என்று திருத்தத் தோன்றலாம். ஆனால் எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல், தோட்ட முதலாளியின் ஏளனத்துக்கும், தம்மைவிட மேலானவர்கள் என்று கருதிக்கொண்ட பிற இந்தியர்களின் ஏளனத்துக்கும் நடுவே, ஐந்தாறு தலைமுறைகள் அந்த ஒலியைக் காத்தன. அதை முதலில் மதிக்க வேண்டும்.

எந்தக் கட்டத்தில் குறியிடுவது?

ரிச்மண்ட் ஹில்லில் வளரும் குழந்தைக்குப் படிவம் ஒரு சிக்கல். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ஆசிய இந்தியர்' என்று ஒரு கட்டம் உண்டு. 'இந்தோ-கரீபியர்' என்று தனிக் கட்டம் இல்லை. ஒரே வீட்டில் ஒருவர் ஆசியர் என்றும் மற்றவர் வேறு இனம் என்றும் குறிப்பதுண்டு. எண்ணிக்கை சிதறினால் அரசின் கண்ணில் சமூகமே படாமல் போகும். பள்ளி உதவியும் மொழி உதவியும் அதற்கேற்பக் குறையும்.

மொழியிலும் இதே நிலை. கயானாவின் அலுவல் மொழி ஆங்கிலம். எனவே அங்கிருந்து வரும் மாணவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று பள்ளி எடுத்துக்கொள்கிறது. வீட்டில் அவர் பேசுவதோ 'கிரியோலீஸ்'. அதன் இலக்கண அமைப்பே வேறு. இதை அறியாத ஆசிரியருக்கு அந்த மாணவரின் எழுத்து கவனக்குறைவாகத் தோன்றும்.

பள்ளிக்கு வெளியே இன்னும் கடினமான கேள்விகள் உண்டு. இந்தியாவிலிருந்து நேரே வந்தவர்கள், "இந்தி தெரியாதா? நீ உண்மையான இந்தியன் இல்லையே" என்பார்கள். கரீபியர் என்றால், "நீ கறுப்பினத்தவர் இல்லையே" என்பார்கள். 1998இல் குவீன்ஸில் ஓர் இந்தோ-கரீபிய இளைஞரை மூவர் இன வெறுப்போடு கொடூரமாகத் தாக்கினர். 2000ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் வெறுப்புக் குற்றங்களுக்கான சட்டத்தை இயற்றியதற்குப் பின்னணியாக இருந்த நிகழ்வுகளில் அதுவும் ஒன்று.

ஒரு நாள் விடுமுறை

கயானாவிலும் டிரினிடாட்டிலும் தீபாவளி தேசிய விடுமுறை. நியூயார்க் வந்த குடும்பங்களுக்கு அன்று தேர்வு வைக்கும் பள்ளி புதிது. வீட்டில் அகல் விளக்கு ஏற்றும் நாளில் பிள்ளை விடுப்பு எடுத்தால் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்றே விழும். இந்தோ-கரீபியரும் தெற்காசியரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கோரிக்கை வைத்தனர். மாநிலச் சட்டமன்றத்தில் குவீன்ஸ் உறுப்பினர் ஜெனிஃபர் ராஜ்குமார் இதற்காக வாதாடினார். 2023 நவம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை, நகரின் அரசுப் பள்ளிகள் தீபாவளிக்காக முதன்முறையாக மூடப்பட்டன.

ஒரு நாள் விடுமுறைதானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் மற்ற மாணவர்கள் அந்நாளின் பெயரைக் கேட்கிறார்கள், ஏன் என்று வினவுகிறார்கள். படிவத்தில் கட்டம் இல்லாத குழந்தைக்கு நாட்காட்டியில் ஓர் இடம் கிடைத்தது.

நம் வகுப்பறைக்கு

நம் பள்ளிகளிலும் இடம்பெயர்ந்து வந்த குழந்தைகள் இருக்கிறார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் முன்னே அமர்கின்றனர். அன்று கப்பல் ஏறியவர்களின் மாவட்டங்களான சரண், ஆசம்கர், காசிப்பூர், பஸ்தி ஆகியவற்றிலிருந்து இன்று ரயில் ஏறி வந்தவர்களும் அவர்களில் இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் அவர்களுடைய பெயரை எப்படி எழுதுகிறோம் என்பதில் தொடங்குகிறது நம் பொறுப்பு. வீராசாமி 'வீரசம்மி' ஆனதும் ஏதோ ஓர் எழுத்தர் கேட்டதைக் கேட்டபடி எழுதியதால்தான்.

வகுப்பில் செய்யத்தக்க சில பணிகள்:

உலக நிலப்படத்தில் சென்னை, கல்கத்தா, கயானா, நியூயார்க் ஆகியவற்றை நூலால் இணைக்கச் செய்யலாம். ஒவ்வொரு நூலின் அருகிலும் ஆண்டையும் காரணத்தையும் மாணவர்களே எழுதட்டும்.

வீட்டுச் சமையலறையில் உள்ள பொருள்களின் பெயர்களைத் தொகுத்து, எவை தமிழ், எவை பிற மொழியிலிருந்து வந்தவை என்று தேடச் சொல்லலாம். அலமாரி, சாவி, மேசை போன்றவையும் வழி நடந்து வந்த சொற்கள்தாம் என்று அப்போது புரியும்.

தாத்தா பாட்டியிடம், "நம் குடும்பம் எங்கெங்கே இருந்தது? ஏன் ஊர் மாறினோம்?" என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லலாம். ஆனால் எழுதியதை வகுப்பில் படிப்பது மாணவரின் விருப்பமாக இருக்கட்டும். ஊர் மாறிய காரணம் கடனாக இருக்கலாம், சாவாக இருக்கலாம். எல்லாக் கதையும் எல்லார் முன்னும் சொல்வதற்கல்ல.

"நீ உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்பதைத் தவிர்ப்போம். "உங்க வீட்டுல தீபாவளிக்கு என்ன செய்வீங்க? பாட்டி உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டால் குழந்தை தானாகவே பேசும். ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களை அது சொன்னால், எல்லாவற்றையும் எழுதிக்கொள்வோம்.